மூன்றாம் நம்பர் பெல்ட்டும் என் பொய்ச் சாட்சியும்

இதை எழுதாமலேயே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்து, பெஞ்சுக்கே என்மேல் சலிப்பு வந்த பிறகு வெளியே வந்தவன் நான். மூன்று தடவை ஆரம்பித்தேன். முதல் காகிதத்தில் என் தங்கை வேர்க்கடலை மடித்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவதை நானே கிழித்தேன். மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை.

கடைசியில் எஸ்தர் அக்காதான் விடவில்லை. "நீ வாயால சொன்னா நாலு சேத்துச் சொல்லுவ தம்பி. எழுதிக் குடு. எழுதுனா கை வலிக்கும்லா, பொய்யி கொஞ்சமாத்தான் வரும்" என்றார். ஆஸ்பத்திரியில் நெஞ்சு வார்டில் புதிதாக வந்து படுப்பவர்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டுமாம். எஸ்தர் அக்கா யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

என் பெயர் ஏழுமலை. எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது அப்பாவுக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. எனக்கு கான்ட்ராக்டில்தான். சுரங்கத்திலிருந்து அனல் மின் நிலையம்வரை நிலக்கரியைக் கொண்டுபோகும் பெரிய கன்வேயர் பெல்ட்டின் அடியில் சிந்திக் கிடப்பதை மண்வெட்டியால் வாரி மறுபடியும் மேலே போடுவது என் வேலை. பக்கத்தில் வேலை செய்யும் யாரையாவது வம்புக்கு இழுப்பது, சம்பளமில்லாத இன்னொரு வேலை.

என் கூட்டாளி ஐசக். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருப்பவன். அவன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஜெபக் கூட்டம் நடக்கும். இருபது பேர் பாயில் உட்கார்ந்து பாடி, ஜெபித்து, முடிவில் கேசரியும் டீயும். நான் கேசரிக்காகப் போவேன். இதை ஐசக்கிடம் மறைத்ததில்லை. அவனும், "கேசரிக்காவது வாடா, வேற எதுக்கும் நீ நேரத்துக்கு வந்ததே கெடையாது" என்பான்.

அந்தக் கூட்டத்தில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை யாரும் எழுந்திருக்கவில்லை. போதகர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். கேசரி ஆறிக்கொண்டே இருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"எனக்கு நாலு மாசமா நெஞ்சு வலிங்க. ஆஸ்பத்திரில மாத்திரை குடுத்தாங்க. கேக்கல. போன செவ்வாக்கெழம வேலை செஞ்சிகினு இருக்கும்போது, இனிமே ஆண்டவர்தான் டாக்டருன்னு மாத்திரைய எல்லாம் தூக்கி மூணாம் நம்பர் பெல்ட்டுல போட்டுட்டேங்க. அது நிலக்கரியோட போயி பவர் ஹவுஸ்ல வெந்து கரண்டா மாறிடுச்சு. என் வலியும் அதோட போயிடுச்சுங்க."

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஒரு அம்மா அழுதார். ஐசக் மட்டும் என் இடுப்பில் கிள்ளினான். வெளியே வந்ததும், "நெஞ்சு வலியா உனக்கு? மண்வெட்டிய தூக்கச் சொன்னாத்தானடா உனக்கு வலி வரும்" என்று கத்தினான். நான் சிரித்தேன். கேசரி இரண்டு தடவை கிடைத்திருந்தது.

சித்திரையில் எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

வலது பக்கம், விலாவுக்குக் கீழே. மூச்சை உள்ளே இழுத்தால் யாரோ உள்ளிருந்து கிள்ளுவதுபோல் இருந்தது. சாயந்தரமானால் காய்ச்சல். மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஐசக் தோளில் தட்டினால் உயிர் போனது. அதையும் நடிப்பு என்றே நினைத்தான். ஒருநாள் பெல்ட் அடியில் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. "போதும்டா உன் டிராமா" என்று மேஸ்திரி கத்தினார். அப்புறம் நீலம் பாய்ந்த என் உதட்டைப் பார்த்துவிட்டு அவரே என்னைத் தூக்கி லாரியில் போட்டார்.

அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த மெடிக்கல் புத்தகத்தில் என் பெயரும் இருந்ததால் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுக்கச் சட்டையைக் கழற்றி ஒரு குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டவைத்து, "மூச்ச இழு, நிறுத்து" என்றார்கள். இழுக்க முடிந்தால் நான் ஏன் அங்கே வரப்போகிறேன்?

வெளியே பெஞ்சில் என்னோடு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒருவரும் இன்னொருவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டு வருபவரின் முகத்தை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். என் முறை வந்தபோது அம்மாவும் கூடவே எழுந்தாள். வரிசையில் எழுந்து நிற்க அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ரேஷன் கடையில் பழகியவள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம் கறுப்பு. வலது பக்கத்தில் பாதிக்குக் கீழே வெள்ளை.

"கறுப்புதான் நல்லது. அது காத்து. இந்த வெள்ளை நீர். நுரையீரலச் சுத்தி ரெண்டு மெல்லிய உறை இருக்கு. அதுக்கு நடுவுல நீர் கோத்துகிட்டு நுரையீரல அமுக்குது. காரணம் காச நோய்தான்னு நெனைக்கிறேன். நீரை எடுத்துப் பாத்துடலாம்."

காச நோய் என்றதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்வதில்லை. டாக்டரம்மா அவளை எழுப்பி, "இதுக்கு மருந்து இருக்கும்மா. ரெண்டு மாசம் தினம் ஒரு ஊசி. ஒன்றரை வருஷம் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது. நடுவுல நிறுத்தினா கிருமி அந்த மருந்துக்கே பழகிடும். அப்பறம் எந்த மருந்தும் வேலை செய்யாது" என்றார்.

நீர் எடுப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்கள் அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் ஒரு மேஜை போட்டு, அதில் தலையணை வைத்துக் குனியச் சொல்வார்கள். முதுகில் மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. அப்புறம் விலா எலும்புகளுக்கு நடுவில் பெரிய ஊசி. வலி அதிகம் இல்லை, அமுக்குவதுபோல் இருக்கும். ஆனால் இருமவே கூடாது. இருமாதே என்று சொன்ன நிமிடத்திலிருந்து இருமலைத் தவிர வேறு எதுவும் நினைப்பில் வராது. பாட்டிலில் வெளிர் மஞ்சளாக ஏறியது.

"சிஸ்டர், எலுமிச்சை சர்பத் மாதிரி இருக்கே. வெயிலுக்கு விக்கலாமே" என்றேன்.

"பேசாத. ஆடுது" என்றார் சிஸ்டர். ஆனால் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. முக்கால் பாட்டில் எடுத்தார்கள். மூச்சு முழுசாக உள்ளே போனபோதுதான் எத்தனை நாளாக அரை மூச்சில் வாழ்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

அப்பா பேசாத ஆள். முதல் ஷிஃப்ட் முடிந்து பூட்ஸில் சுரங்கத்துச் சேறோடு நேராக வார்டுக்கு வருவார். கட்டில் ஓரமாக நின்று கமலாப் பழம் உரிப்பார். நார் ஒன்று விடாமல் எடுத்து ஒவ்வொரு சுளையாக என் கையில் வைப்பார். பழம் தீர்ந்ததும், "வரேன்" என்று போய்விடுவார். அம்மா மாரியம்மன் கோயில் கயிற்றை என் கையில் கட்டினாள். அதே சாயந்தரம் ஐசக் வந்து ஜெபிக்கட்டுமா என்று கேட்டதற்கு, "பண்ணுப்பா, எந்த சாமி காதுல வுழுந்தாலும் என் புள்ள வூட்டுக்கு வந்தா போதும்" என்றாள். ஐசக் கண்ணை மூடியபோது அவன் குரல் உடைந்தது. நான் கிண்டல் செய்ய வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் எதிர்க் கட்டிலில் ஒருவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். சட்டையில் ரத்தம். இருமியபோது வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. தங்கதுரை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பெல்ட்டைப் பழுது பார்க்கும் ஃபிட்டர், ஐசக் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஹார்மோனியம் வாசிப்பவர். கூடவே அழுதுகொண்டு வந்தது அவர் மனைவி எஸ்தர் அக்கா.

அக்காதான் வராந்தாவில் வைத்துப் புருஷனைப் பற்றிச் சொன்னார்.

"ஒனக்குத் தெரியாது தம்பி. அவ்வோளுக்குப் போன வருசமே இந்தச் சீக்கு வந்துட்டு. ஒழுங்காத்தான் மாத்திரை தின்னுகிட்டு இருந்தாவோ. நீ அன்னைக்குச் சாட்சி சொன்னியே... மறுநாளே மாத்திரை டப்பாவக் கொண்டுபோயி நீ போட்ட அதே மூணாம் நம்பர் பெல்ட்டுல போட்டுட்டு வந்துட்டாவோ. நான் கேட்டதுக்கு, ஒரு சின்னப் பயலுக்கு இருக்க விசுவாசம் எனக்கு இல்லாம போச்சேன்னாவோ."

 உள்ளிருந்து எடுத்த நீர் அவ்வளவும் திரும்பி வந்ததுபோல் மூச்சு முட்டியது.

அடுத்த நாள் காலை சிஸ்டர் ஊசித் தட்டோடு வந்தார். எனக்குப் போட்டார். அண்ணாச்சி கையை நீட்டவில்லை.

"வேண்டாம் சிஸ்டர். நடுவுல ரெண்டு நாளு பயந்துபோயி களவா மாத்திரை வாங்கித் தின்னேன். அந்த அவிசுவாசத்துக்குத்தான் திரும்ப வந்திருக்கு. இனிமே தொடமாட்டேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏல ஏழுமலை! நீ எங்கல இங்க? ஒனக்குத்தான் நெஞ்சு சொகமாயிட்டே?"

"சும்மா காய்ச்சல் அண்ணாச்சி."

இது இரண்டாவது பொய். முதல் பொய்க்காவது கேசரி கிடைத்தது.

இரண்டு நாள் அவர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு தடவை ரத்தம் வந்தது. டாக்டரம்மா எஸ்தர் அக்காவைத் தனியாக அழைத்து, ஒரு நுரையீரல் ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டது, இன்னொன்றிலும் ஆரம்பித்திருக்கிறது, இப்படியே போனால் நான் பொறுப்பல்ல என்றார். அக்கா அதை என்னிடம் வந்து சொன்னார். "நீயாவது அவ்வோகிட்ட சொல்லு தம்பி. ஒன் மேலதான் மதிப்பு வச்சிருக்காவோ" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்மேல் மதிப்பு வைத்திருந்தார். அது அவரைக் கொன்றுகொண்டிருந்தது.

மத்தியானம் அவர் கட்டிலுக்குப் போனேன். "அண்ணாச்சி, நான் சொன்னது பொய். எனக்கு அன்னைக்கு வலியே இல்ல. மாத்திரையே இல்ல. கேசரிக்காக சொன்னேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டாக்டரம்மா சொல்லச் சொன்னாவளோ? இல்ல எஸ்தரு சொன்னாளா? நீ நல்ல பையம்ல. எனக்காவப் பொய் சொல்லுத. அன்னைக்கு ஒம் மொகத்த நான் பாத்தேன். அது பொய் சொல்லுத மொகமில்ல."

அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறேன். இருபது வருடமாகப் பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன ஒரே நாளில் நம்ப ஆளில்லை.

வராந்தாவுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தேன்.

"ஐசக்கோட சாமி, உங்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியாது. உன் வூட்டுலயே உக்காந்து உன் பேரைச் சொல்லியே பொய் சொன்னேன். என்னை என்ன வேணா பண்ணிக்கோ. அந்த ஆளு ஊசி போட்டுக்கணும். நான் உண்மைய சொன்னா நம்ப மாட்டறாரு. எதனா ஒரு வழி காட்டு."

வானத்திலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. சுரங்கத்திலிருந்து இரண்டாம் ஷிஃப்ட் சங்குதான் கேட்டது. இப்போது இறங்குவார்கள், பெல்ட்டை ஓட்டுவார்கள், என் மண்வெட்டியை வேறு எவனாவது எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பொங்கலுக்கு முந்தின வாரம் ஞாபகம் வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் வேலையே செய்யவில்லை. பெல்ட்டுக்கு அடியில் நிழலில் உட்கார்ந்து சீட்டு ஆடினோம்.

ஏன் ஆடினோம்?

பதில் பளிச்சென்று வந்தது. அது என் புத்தியில் தானாக வந்ததென்று யாராவது சொன்னால், என் புத்தியை அவர்களுக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு வாத்தியார்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

சாயந்தரம் பார்வையாளர் நேரத்தில் ஐசக், போதகர், ஜெபக் கூட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அண்ணாச்சியைப் பார்க்க வந்தார்கள். அவரைத் தாங்கி வராந்தாவில் நாற்காலியில் உட்கார வைத்து மெதுவாக ஒரு பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிந்ததும் நான் எழுந்து நின்றேன்.

"நான் ஒரு சாட்சி சொல்லணுங்க. சொல்றது இல்ல, சொன்னதை வாபஸ் வாங்கணும்."

ஐசக் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேசரி உட்பட. அண்ணாச்சி கையை ஆட்டினார். "யாரும் நம்பாதீங்க. எனக்காவச் சொல்லுதான்."

"அண்ணாச்சி, நான் மாத்திரைய எந்த பெல்ட்டுல போட்டேன்னு சொன்னேன்?"

"மூணாம் நம்பரு. ஊருக்கே தெரியுமே."

"என்னிக்கு?"

"பொங்கலுக்கு முந்துன செவ்வாக்கெழம."

"அந்த வாரம் மூணாம் நம்பர் பெல்ட்டு அறுந்து போயி ஜாயின்ட் போட்டாங்களே, அது யாரு?"

"நாந்தாம்ல போட்டேன். திங்கக்கெழம பிரிச்சேன், வியாழக்கெழம..." அவர் பாதியில் நிறுத்தினார். விரல்கள் மட்டும் மடிந்து மடிந்து நாள் எண்ணின. ஒரு தடவை எண்ணி, மறுபடியும் எண்ணினார்.

"ஓடாத பெல்ட்டு எப்படிண்ணே என் மாத்திரைய பவர் ஹவுசுக்கு எடுத்துகினு போவும்?"

 நான்கு நாள் அந்த பெல்ட்டைச் சூடு வைத்து ஒட்டியவர் அவர். வெள்ளிக்கிழமை என் வாயைக் கேட்டபோது அவர் தன் கையை மறந்துவிட்டார்.

எஸ்தர் அக்கா எழுந்து வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அடித்த கையாலேயே என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணாச்சி ஒரு வார்த்தை மட்டும் கேட்டார், என்னைப் பார்க்காமல்.

"அப்போ நான் நம்புனதெல்லாம்?"

"நீங்க என்னைத்தான் அண்ணாச்சி நம்பினீங்க. அவரை இல்ல. அவரு உங்களை ஏமாத்தல. நான்தான்."

போதகர் ஏதோ சொல்ல வந்தார். அண்ணாச்சி எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐசக் போகும்போது என் தோளை அமுக்கினான். 

மறுநாள் காலை ஊசித் தட்டு வந்தது. சிஸ்டர் என் கட்டிலை முடித்துவிட்டு அவர் பக்கம் தயங்கி நின்றார். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். கண் வீங்கியிருந்தது.

"ஏல, இங்க வா."

போனேன். இன்னொரு அறை என்றே நினைத்தேன்.

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால பொய்யாத்தான சாட்சி சொன்ன? இப்போ ஒரு தடவை நெசமா ஜெபம் பண்ணு. பண்ணுனாத்தான் கைய நீட்டுவேன்."

"எனக்குப் பண்ணத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாமத்தான் பண்ணணும். பண்ணு."

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஊசி ஒடையாம பாத்துக்கோ. மருந்து அவருக்குள்ள போயி வேலை செய்யட்டும். எனக்குள்ளயும். அவரு பழையபடி ஹார்மோனியம் வாசிக்கணும். நான் பொய் சொல்லாம இருக்க ஒத்தாசை பண்ணு, அதுதான் ரொம்பக் கஷ்டம். ஆமென்."

"ஆமென்" என்றார் சிஸ்டர். அவர் நெற்றியில் விபூதி இருந்தது.

அண்ணாச்சி கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். தட்டு வரும் சத்தம் கேட்டால் நான் அவர் கட்டிலுக்குப் போவேன். ஒருநாள் அவர் ஜெபிப்பார், மறுநாள் நான். ஊசி மருந்து காதில் கொய்யென்று சத்தம் போடும். நடந்தால் தலை சுற்றும். இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போவோம். "குருடனுக்குக் குருடன் வழிகாட்டுதாம்ல" என்று அவர் சிரித்தபோது, மன்னித்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதேயில்லை.

ஒரு மாதத்தில் அவருக்கு ரத்தம் வருவது நின்றது. சளியில் கிருமி இல்லை என்று சீட்டு வந்த அன்று எஸ்தர் அக்கா வார்டு முழுவதும் கேசரி கொடுத்தார். நான் ஒரு தடவைதான் வாங்கிக்கொண்டேன். என் படத்தில் வெள்ளை போய்க் கறுப்பு வந்தது. அப்பா அந்தப் படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அதில் என்ன புரிந்ததோ, தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அண்ணாச்சி லைட் டியூட்டியில் இருக்கிறார். ஹார்மோனியமும் வாசிக்கிறார், துருத்தியை அழுத்தினால் கொஞ்சம் மூச்சு இளைக்கிறது. எனக்கு இன்னும் மூன்று மாத மாத்திரை பாக்கி. அம்மா கட்டிய கயிறு கையிலேயே இருக்கிறது, அவள் மனம் நோகக் கழற்ற மாட்டேன். ஆனால் அன்றைக்கு வராந்தாவில் நான் யாரிடம் கேட்டேன், யார் காதில் விழுந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஐசக்கிடம், "பயமா இருக்குடா. ஆண்டவர் என்னைக் குணமாக்கினாருன்னு நான் எழுந்து சொல்லி, அதைக் கேட்டுட்டு இன்னொருத்தர் மருந்தை நிறுத்திட்டா என்னடா பண்றது?" என்று கேட்டேன்.

"அப்ப மாத்திரையக் கையில புடிச்சிகினே சொல்லுடா" என்றான்.